வால்ட்றெஸ் வெட்டையில் ஒரு மயிலிட்டிக் கல்

1

சென்ற கிழமை ஒரு ஜெர்மன் அம்மாவை நான் தமிழில் அதட்டிவிட்டேன்.

நோர்வேயின் வால்ட்றெஸ் மலைமேட்டில், நடைபாதை ஓரத்தில் நிற்கும் கற்குவியல் ஒன்றிலிருந்து ஒரு சின்னக் கல்லை நினைவுக்காக எடுத்துப் போக அவர் கை நீட்டினார். "அதிலை தொடாதேங்கோ!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிராது. குரல் விளங்கிவிட்டது. சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். அவரோடு வந்த முப்பத்தாறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பு மழைச்சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்ற வழிகாட்டி நான், அசட்டுச் சிரிப்போடு மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தக் கல்லைத் தொடக் கூடாத காரணத்தை ஆங்கிலத்தில் பத்து வசனத்தில் சொன்னேன்.

அந்தப் பத்து வசனத்துக்குள் அடங்காத மிச்சத்தை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியையும் தனிமையையும் பற்றி எழுதி உங்களைப் போதுமான அளவு கவலைப்படுத்திவிட்டார்கள். இது கொஞ்சம் பெருமையடிக்கிற கடிதம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஒன்பது வயதில் ஒஸ்லோவுக்கு வந்தவள் நான். நகரின் ஓரத்திலுள்ள ஹொல்ம்லியாவில் வளர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தேன். எங்கள் சனத்துக்குள் இந்த மூன்றாவது விஷயம் ஒரு நோய்போல. அம்மாவைக் கோயிலில் கண்டால், "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டவர்கள் பதிலைக் கேட்டதும், "அதுக்கென்ன, பிறகு ஏதும் நல்லதாய்ப் படிக்கலாம்தானே" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வழிகாட்டி வேலைக்கு விண்ணப்பித்த அன்று அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"சந்திராவின்ரை பெட்டை பல் டொக்டர். நீ கல்லையும் மலையையும் படிச்சுப்போட்டு பஸ்ஸிலை முன்னுக்கு நிண்டு மைக்கிலை கத்தப் போறாய். ஊர் சுத்திக் காட்டுறதும் ஒரு உத்தியோகமே?"

"ஓம் அம்மா. உத்தியோகம்தான்."

"ஆருக்குக் காட்டப் போறாய்? நொஸ்க்காரனுக்கு அவன்ரை நாட்டையோ?"

கேள்வி கூர்மையானதுதான். நான் சேர விரும்பிய அந்தச் சிறிய சுற்றுலாப் பஸ் நிறுவனத்தில் பொறுப்பாக இருந்த மாரிட் என்ற பெண்ணும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். கோடையில் கிழமைக்கு ஒரு பஸ், வெளிநாட்டுப் பயணிகளோடு நான்கு நாள் மலைகளுக்குப் போகும். அந்த வழித்தடத்துக்கு அதுவரை நோர்வேக்காரர்தான் வழிகாட்டிகள். ஒரு மலைப்பெயரைச் சொல்லும்போது பயணிகள் என் முகத்தைப் பார்த்து நம்புவார்களா என்பது அவருடைய யோசனை. அதை அப்படியே சொல்லவில்லை. "அனுபவம்" என்று சொன்னார்.

நல்லவேளையாக அந்த வருடம் ஒஸ்லோவின் அம்மருட்டிலும் ஹொல்ம்லியாவிலும் இருந்த சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து யூலை விடுமுறைக்கு ஒரு பஸ் பிடிக்கக் கேட்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேர். மாரிட் சொன்னார்:

"உன் ஆட்களோடு ஒருமுறை போய் வா. ஒட்வார் பஸ் ஓட்டுவார், வந்து எனக்குச் சொல்லுவார். நான் கேட்பது இரண்டே இரண்டு. போனவர்கள் எல்லோரும் திரும்பி வர வேண்டும். நேரத்துக்கு வர வேண்டும்."

இரண்டிலும் தேறினால் அடுத்த கோடையில் வெளிநாட்டுப் பயணிகளின் வழித்தடம் எனக்கு. தவறினால் அம்மா சொன்ன "நல்ல படிப்பு" ஏதாவது.

3

நேரத்தைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ்ஸை ஆறரைக்கு என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். எங்கள் கலியாண வீடுகளைப் பார்த்து வளர்ந்தவள் வேறென்ன செய்வாள்?

ஆறேகாலுக்கு நான் அம்மருட் தரிப்பிடத்துக்கு வந்தபோது நாற்பத்தொரு பேரும் நின்றார்கள். பொதிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. சுடுதண்ணிப் போத்தல்கள், றோல்ஸ் நிரம்பிய வாளிகள், ஒரு தலையணை. கடைசியாக வந்தவர் ஒட்வார்தான்.

"என்ன பிள்ளை பாக்கிறாய்?" என்றார் கனகசபை மாமா. "இருபது வருசமாய் விடிய அஞ்சு மணிக்கு வேலைக்குப் போற சனம் இது. கலியாண வீட்டுக்குத்தான் பிந்தி வருவம். வேலைக்குப் பிந்தினதை ஆராவது கண்டதுண்டோ?"

கனகசபை மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பா முறைக்கு வயதான எல்லோரும் இங்கே மாமாதான். மயிலிட்டியில் கடற்கரையோடு வீடு. நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம் மீன் வெட்டியவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து சுரங்க ரயில் பெட்டிகளைக் கழுவுகிற வேலை. மனைவி பவளம் மாமி. ஒரே மகள் சிந்துஜா, பதினாறு வயது, ஒஸ்லோவில் பிறந்தவள். தமிழ் முழுதும் விளங்கும். பதில் மட்டும் நொஸ்க்கில், நோர்வே மொழியில், வரும். காதில் பாட்டுக் கருவி. பஸ்ஸில் ஏறும்போதே, "நாலு நாள் கல்லைப் பாக்கவா?" என்று நொஸ்க்கில் கேட்டுவிட்டுக் கடைசி இருக்கைக்குப் போனவள்.

மியோசா ஏரி, லில்லஹாமர், பிறகு நீண்ட பள்ளத்தாக்கு. நான் மைக்கைப் பிடித்து, பனியாறுகள் இந்த நிலத்தை எப்படி உழுதன என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்தடவையாக என் படிப்பைத் தமிழில் சொன்னேன். நாக்கு இடறியது. மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போய், வானம்வரைக்கும் வெறும் புல்லும் பாசியும் கல்லுமாகப் பரந்த அந்த மேட்டுநிலத்துக்கு நோர்வேச் சொல் இருக்கிறது: வித்தா. தமிழில் "பீடபூமி" என்றேன். பள்ளிக்கூடப் புத்தகம் கதைப்பதுபோல இருந்தது.

"உதென்ன பீடம்?" என்றார் மாமா, யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு. "வெட்டை எண்டு சொல்லன் பிள்ளை. எவ்வளவு பெரிய வெட்டை! மாடு கட்டலாம், பந்தடிக்கலாம், மறிக்க ஒரு வேலியில்லை."

அன்றிலிருந்து என் மைக்கில் அது வெட்டைதான்.

டோவ்ற மலையில் கஸ்தூரி எருதுகளைத் தூரக்கண்ணாடியால் காட்டினேன். பனிக்காலத்தைத் தாண்டிய பழைய மிருகம், நிலம்வரை தொங்கும் உரோமம் என்றெல்லாம் சொன்னேன். பவளம் மாமி நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கடை எருமைதான், கம்பளி போத்துக்கொண்டு நிக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். ஒட்வாருக்கு மொழிபெயர்த்தேன். ஒட்வார் குறைவாகச் சிரிக்கிற மனிதர். அன்று சிரித்துவிட்டு இரண்டாவது றோல்ஸை எடுத்துக்கொண்டார். உறைப்பில் காது சிவந்துவிட்டது. ஆனாலும் எடுத்தார்.

இரண்டாம் நாள் உயர்ந்த மலைப்பாதையில் யூலை மாதத்தில் பனி தொட்டார்கள். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் வீடு, வேலை, குறொன்லாண்ட் மரக்கறிக் கடை என்ற முக்கோணத்துக்கு வெளியே போகாதவர்கள் எத்தனை பேர் அந்தப் பஸ்ஸில்! பனியைச் சலித்துப்போய் ஒதுக்கித் தள்ளியே பழகியவர்கள், அன்று அதைக் கையில் எடுத்து ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டார்கள். மாமி ஓடினதை நான் பார்த்தேன். இரண்டு நாளும் எல்லோரும் வந்தார்கள், நேரத்துக்கு வந்தார்கள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

4

மூன்றாம் நாள் வால்ட்றெஸ் மேட்டுக்கு வந்தோம். கடல்மட்டத்தில் வைத்துத் தேய்த்துவிட்டு மேலே தூக்கி வைத்ததுபோல ஒரு வெட்டை, சுற்றிவர மலைகள். இங்கிருந்து ஒரு மணித்தியாலம் நடந்தால் ஒரு சின்ன மேடு. அதன் உச்சியிலிருந்து பனிமலைகள் தெரியும். நடக்க முன் தேநீர் குடிக்க நிறுத்தினோம். நான் ஒட்வாரோடு வானிலையைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, சனம் முழுதும் குனிந்து நின்று கல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

தொடக்கி வைத்தவள் வித்யா. அவளும் கணவர் கார்த்திக்கும் தேனிப் பக்கத்தவர்கள். கணினி வேலைக்காக ஒஸ்லோவுக்கு வந்து ஒன்றரை வருடம். எங்கள் ஆட்கள் கதைப்பதைக் கேட்டு முதலிரண்டு நாள் புன்னகையோடே இருந்தவர்கள்.

"எங்க ஊர் மலைக்கோயில்ல இப்படித்தாங்க செய்வாங்க," என்றாள் வித்யா. "நாலஞ்சு கல்லை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டு வேண்டிக்கிட்டா சீக்கிரமே சொந்த வீடு கட்டலாம். இங்க பாருங்க, எவ்வளவு கல்லு!"

வீடு என்ற சொல்லை எங்கள் சனத்துக்கு முன்னால் சொன்னால் போதும். அரை மணித்தியாலத்துக்குள் அந்த வெட்டையில் ஒரு குடியேற்றம் எழும்பிவிட்டது. "இது லோறன்ஸ்கூக்கிலை ஒண்டு." "இது கோப்பாயிலை இடிஞ்ச அடுக்களைக்கு." "எங்களுக்கு ரெண்டு மாடி, ஒரு கல்லுக் கூட வை." முழங்கால் உயரத்தில் சின்னச் சின்ன அடுக்குகள். கனகசபை மாமாவைக் காணவில்லை. பாதையிலிருந்து இருநூறு மீற்றர் வலப்பக்கம், ஒரு மேட்டில், தட்டைக் கல் நிறையக் கிடந்த இடத்தில் அவர் தனியாக வேலைசெய்துகொண்டிருந்தார். இடுப்பளவு உயரம். அடியில் பெரிய கற்கள், மேலே வர வரச் சின்னது, இடைவெளிகளில் சல்லி செருகி.

"அத்திவாரம் இல்லாமல் கட்டினால் நிக்குமே பிள்ளை?" என்றார். உச்சியில் வைத்த கல் கருஞ்சாம்பல் நிறம். அதன் குறுக்கே மூன்று வெள்ளைக் கோடு. "பார், பூசிவிட்ட மாதிரி. இது மயிலிட்டிக்கு."

அவருடைய மயிலிட்டி வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. போர்நிறுத்தம் வந்து, நோர்வேக்காரர் சமாதானம் பேச எங்கள் நாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. மாமாவும் அந்த வருடம் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். பார்த்தது முட்கம்பியை. வீட்டை அல்ல.

நோர்வே மலைகளில் கல்லை அடுக்குவது விளையாட்டல்ல. மரமில்லாத நிலத்தில் கல்லைக் குவித்துத்தான் நடைபாதையை அடையாளப்படுத்துவார்கள். அந்தக் குவியலுக்கு வார்டெ என்று பெயர். பக்கத்தில் ஒரு கல்லில் சிவப்பு மையால் T என்ற எழுத்து இருக்கும். மூடுபனியாகப் புகார் இறங்கினால் நடப்பவர் ஒரு வார்டெயிலிருந்து அடுத்ததைத் தேடித்தான் உயிரோடு வீடு திரும்புவார். கண்ட இடத்தில் வார்டெ கட்டுவது, சந்தியில் பொய்யான வழிப்பலகை நடுவதற்குச் சமம்.

மைக் இல்லாமலே கத்தினேன். விளக்கினேன். முகங்கள் சுருங்கின. ஆனால் ஒருவரும் வாதாடவில்லை. "சாரிங்க, எனக்குத் தெரியாது" என்று வித்யா முதல் அடுக்கைக் கலைத்தாள். பத்து நிமிடத்தில் குடியேற்றம் தரைமட்டமானது. எங்கள் சனத்தின் கையாலேயே அத்தனை வீட்டையும் இடிப்பித்தேன் என்று நினைத்தபோது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மாமா மட்டும் தன் அடுக்குக்கு முன்னால் நின்றார்.

"பிள்ளை, கலைக்கிறன். கட்டாயம் கலைப்பன். திரும்பி வரேக்கை. ஒரு படம் எடுத்து என்ரை அண்ணைக்கு அனுப்பவேணும். கமரா பவளத்தட்டை, அவ முன்னுக்கு நடக்கத் தொடங்கீட்டா. ஒரு மணித்தியாலம் நிண்டால் ஆருக்கு என்ன நட்டம்?"

வழிகாட்டியாக நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வானம் தெளிவு. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சரி மாமா. திரும்பி வரேக்கை."

5

மேட்டுக்குப் போனோம். பனிமலைகளைப் பார்த்தோம், படம் எடுத்தோம். திரும்பத் தொடங்கிய கால் மணித்தியாலத்தில் புகார் வந்தது. ஊரில் மழை இருட்டிக்கொண்டு வரும், அறிவித்துவிட்டு வரும். இது அப்படியல்ல. மேற்கே ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது. அடுத்த நிமிடம் எனக்கு முன்னால் நடந்தவரின் முதுகு இல்லை.

வரிசையாக, முன்னால் உள்ளவரின் பையைப் பிடித்தபடி, T எழுத்தைத் தேடித் தேடி பஸ்ஸுக்கு வந்தோம். எண்ணினேன். நாற்பது. மறுபடி எண்ணினேன். நாற்பது.

"அப்பா எங்கை?" என்றாள் சிந்துஜா.

"பின்னாலை வந்தவர்," என்றார் பவளம் மாமி. "கமராவை என்னட்டை வாங்கினவர். பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன், கலைக்கவேணும் எண்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தவர்…"

சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போய்விட்டார். கண் தெரியாத புகாருக்குள், படம் எடுக்கவே முடியாத நேரத்தில், எனக்குத் தந்த வாக்குக்காக.

ஒட்வார் மீட்புக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் வர ஒன்றரை மணித்தியாலம். வெப்பநிலை மூன்று பாகை. மாமா மெல்லிய மேற்சட்டையோடு போனவர். அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி ஏரி ஒன்று இருக்கிறது. நான் ஓடப் போனேன். ஒட்வார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ தனியாகப் போனால் இரண்டு பேரைத் தேட வேண்டும்" என்றார்.

அப்போதுதான் பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்தேன். நாற்பது பேர். வழி காட்டக் கல் இல்லாவிட்டால் என்ன, ஆட்கள் இருக்கிறார்களே!

சின்னப் பிள்ளைகளையும் முதியவர்களையும் பவளம் மாமியோடு பஸ்ஸில் விட்டேன். மிச்சம் இருபத்தாறு பேர். முதலாமவரைப் பஸ்ஸுக்கு அருகே நிறுத்தினேன். அவருடைய குரல் கேட்கிற தூரத்தில் இரண்டாமவர். அவருடைய குரல் கேட்கிற தூரத்தில் மூன்றாமவர். ஒருவரும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது, ஓயாமல் கூப்பிட வேண்டும். பாதை வழியே போய், பிறகு வலப்பக்கம் மாமாவின் மேட்டை நோக்கித் திரும்பினேன்.

ஆனால் எல்லோரும் "ஓய், ஓய்" என்று கத்தியதில் புகாருக்குள் யார் எங்கே என்று குழம்பிப்போனது. நான்காவதோ ஐந்தாவதோ ஆளாக நின்ற ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். எரிச்சலில் கத்தினார்: "எல்லாரும் ஓய் எண்டால் ஆரெண்டு தெரியும்? அவனவன் ஊரைச் சொல்லுங்கோடா! நான் அளவெட்டி!"

பிறகு அது வரிசையாக வந்தது. அளவெட்டி. கோப்பாய். கரவெட்டி. சங்கானை. நெடுந்தீவு. ஒருவர் ஓய்ந்தால் உடனே தெரிந்தது: "கரவெட்டி, என்ன நித்திரையே?" "நிக்கிறன், நிக்கிறன். கரவெட்டி!" கார்த்திக்கின் குரல் கம்பீரமாக, "தேனி!" பக்கத்திலே வித்யா, "நானும் தேனிதாங்க, வேற என்ன சொல்ல?" "உங்க அம்மா ஊர் போடிதானே, அதைச் சொல்லு!" பின்னால் ஒட்வாரின் பஸ் ஹோர்ன் நிமிடத்துக்கு ஒருமுறை. நோர்வே மலையில், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத வெள்ளைக்குள், என் முதுகுக்குப் பின்னால் யாழ்ப்பாணம் வரிசையாக நின்றது. எனக்கு அழவும் வந்தது, சிரிக்கவும் வந்தது. நேரமில்லை. நடந்தேன்.

இருபத்தைந்து பேர் முடிந்தார்கள். கடைசியாக என்னோடு இருந்தவள் சிந்துஜா. காதில் ஒன்றும் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"நான் என்ன சொல்றது?" என்று கேட்டாள். தமிழில்.

"உன்ரை ஊரைச் சொல்லு."

ஒரு கணம் யோசித்தாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்:

"அம்மருட்!"

பின்னால் சங்கிலியில் யாரோ சிரித்தது கேட்டது. அவள் விடவில்லை. "அம்மருட்! அம்மருட்!"

நான் இன்னும் இருபது அடி போயிருப்பேன். முன்னால், இடப்பக்கமாக, மேலேயிருந்து, கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிடுகிற அந்த நீண்ட குரலில் பதில் வந்தது.

"மயிலிட்டீ…!"

6

மாமா தனியாக இல்லை. அவருடைய அடுக்கின் ஒதுக்கில், மழைத்துணி ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பேர்கன் நகரத்து வயதான கணவனும் மனைவியும் அவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் கையிலும் சுடுதண்ணிப் போத்தல் மூடிகளில் தேநீர். மாமாவின் மேற்சட்டை அந்த அம்மாவின் தோளில்.

அவர்கள் வேறு பாதையில் வந்தவர்கள். புகாரில் மாமாவின் அடுக்கைக் கண்டு, வார்டெதான் என்று நம்பி, பாதையை விட்டு இங்கே ஏறியிருக்கிறார்கள். சிவப்பு எழுத்தும் இல்லை, அடுத்த வார்டெயும் இல்லை. கொஞ்சத் தூரம் முன்னால் போய்ப் பார்த்து, காலடியில் தண்ணீர் தட்டுப்பட்டதும் பயந்து திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கலைக்க வந்த மாமா கண்டது அவர்களைத்தான். அதற்குப் பிறகு அவராலும் கலைக்க முடியவில்லை. காற்றுக்கு அந்த ஒதுக்குத்தான் இருந்தது.

அந்த அம்மா என்னை அருகே இழுத்து நொஸ்க்கில் இரகசியமாகச் சொன்னார்: "இவரை முதலில் கவனியுங்கள். குளிர் தலைக்கேறிவிட்டது. இந்தக் கற்குவியல் தன்னுடைய வீடு என்கிறார்."

"அவர் சொல்வது சரி," என்றேன். "பிறகு விளக்குகிறேன்."

கணவர் எழுந்து அந்த அடுக்கைக் கையால் தட்டிப் பார்த்தார். "யார் கட்டியது? இவ்வளவு நேர்த்தியாக இருந்ததால்தான் நம்பி வந்தோம்."

மாமாவுக்கு நொஸ்க் விளங்கும். தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டும் குற்றமும் ஒரே வசனத்தில் வந்து விழுந்தால் மனிதர் என்ன செய்வார்?

"பிள்ளை," என்றார், "தண்ணிக்குள்ளை போயிருப்பினம். என்ரை வீட்டை நம்பிப் போயிருப்பினம்." பிறகு அடுக்கைக் கலைக்கத் தொடங்கினார். நாங்கள் உதவப் போனபோது கையால் மறித்தார். ஒவ்வொரு கல்லாக எடுத்து, கிடந்த இடம்போலவே நிலத்தில் பரப்பினார். மூன்று கோட்டுக் கல்லை மட்டும் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அம்மருட்டிலிருந்து தொடங்கி ஊர் ஊராக நடந்து பஸ்ஸுக்கு வந்தோம். நாங்கள் கடந்து போகப் போக ஒவ்வொரு ஊரும் எங்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. பாதையில் ஏறிய இடத்தில் ஒரு பழைய வார்டெ நின்றது. மேல் கல் சரிந்து விழுந்திருந்தது. மாமா நின்றார். என்னைப் பார்த்தார்.

"இஞ்சை வைக்கலாமோ? இது சரியான இடமோ?"

"ஓம் மாமா. இது சரியான இடம்."

வைத்தார். ஆட்டிப் பார்த்தார். ஒரு சல்லியைச் செருகினார். மறுபடி ஆட்டிப் பார்த்தார்.

பஸ் வாசலில் பவளம் மாமி அவரைப் பார்த்ததும் அழவில்லை. "படம் எடுத்தாச்சோ?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிந்துஜா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டு, கடைசி இருக்கைக்குப் போகாமல் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மீட்புக் குழு வந்து பேர்கன்காரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போன பிறகு, விடுதிக்கு இரண்டு மணித்தியாலம் பிந்திப் போனோம். ஒட்வாருக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஓய்வு தள்ளிப்போனதால் மறுநாளும் பிந்திப் புறப்பட்டோம். ஒஸ்லோவுக்கும் பிந்தி வந்தோம். நேரத்துக்கு வர வேண்டும் என்ற மாரிட்டின் நிபந்தனை போய்விட்டது.

வழமைக்கு மாறாக ஏதும் நடந்தால் நிரப்பிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. இந்த நாட்டில் எதற்கும் உண்டு. என்ன நடந்தது, காரணம் என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள்: மூன்று பெட்டி. ஒட்வார் தோளுக்கு மேலால் பார்த்து, "புகார் என்று எழுது, முடிந்தது. வானிலைக்கு யாரும் வேலை நீக்கம் செய்வதில்லை" என்றார். நல்ல மனிதர்.

பேனையை எடுத்தேன். தன் வாக்கைக் காப்பாற்றப் புகாருக்குள் போன மனிதரை நினைத்தேன். காரணம் என்ற பெட்டியில் எழுதினேன்: "பொய்யான வார்டெ ஒன்று ஒரு மணித்தியாலம் நிற்க வழிகாட்டி அனுமதித்தாள். அது என் தவறு." மூன்றாவது பெட்டியில்: "இனி அனுமதிக்க மாட்டேன்."

பத்து நாள் பதில் இல்லை. அம்மா மருந்தாளர் படிப்புக்கான விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டார். பதினோராம் நாள் மாரிட் தொலைபேசி எடுத்தார்.

"ஒட்வாரை எத்தனையோ வழிகாட்டிகளோடு அனுப்பியிருக்கிறேன். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் தன்னையே எழுதியவள் நீதான். இருபத்தாறு பேரை ஒரு மலையில் அசையாமல் நிறுத்தி வைத்தவளும் நீதான். எப்படிச் செய்தாய்?"

"என் ஆட்கள்," என்றேன்.

இந்த முறை அந்தச் சொல் எனக்கு இனித்தது. மாரிட் நாட்காட்டியைப் புரட்டுவது கேட்டது. பிறகு, "யூன் மாதம் வெளிநாட்டுப் பஸ் உன்னுடையது. ஒரு ஊதுகுழல் வாங்கிக்கொள்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். விண்ணப்பத்தை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் சந்திரா அக்காவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்: "என்ரை மகள் மலையிலை வேலை செய்யிறா. பெரிய பொறுப்பு. ஆக்களின்ரை உயிர் கையிலை."

7

இது நடந்து இரண்டு கோடை. அந்த வழியாக எத்தனை தடவை போய்வந்துவிட்டேன் என்று எண்ணவில்லை. அமெரிக்கர், யப்பானியர், ஜெர்மனியர். மலைப்பெயரைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு மலையைப் பார்க்கிறார்கள்.

பத்து வசனம் கேட்ட ஜெர்மன் அம்மா, பஸ்ஸில் ஏறும்போது என்னிடம் கேட்டார்: "அவருக்கு அந்த வீடு கிடைத்ததா?"

"இல்லை," என்றேன்.

ஒவ்வொரு பயணமும் முடிந்து ஒஸ்லோவுக்கு வந்த அன்று ஒரு தொலைபேசி வரும். சென்ற கிழமையும் வந்தது.

"பிள்ளை, உங்காலை போனனீயோ?"

"ஓம் மாமா. நேற்று."

"கல் கிடக்கோ?"

"கிடக்கு."

"ஆடுதோ?"

"ஆட்டிப் பாத்தனான். அசையேல்லை. ஆனால் மாமா, கீழ் இடைவெளிக்குள்ளை ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கு."

மறுமுனையில் ரயில் பெட்டி கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"இருக்கட்டும்," என்றார் மாமா. "குடியெழுப்பிப்போடாதை."